தடைக்காலத் தியான முகாம்: கீழ்ப்படியாமையும் இழந்த ஆசீர்வாதமும்

மண்டபத்துக்கு மேற்கே, மன்னார் வளைகுடாக் கரையை ஒட்டிய ஒரு தியான இல்லத்தில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று நாள் வேதாகமத் தியான முகாம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், மற்ற மாதங்களில் குடும்பத்தோடு மூன்று நாட்களை ஒதுக்குவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவர்கள் அந்த நாட்களில் வந்து தங்க முடிகிறது. இவ்வாண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் "கீழ்ப்படியாமையினால் இழந்துபோகும் ஆசீர்வாதங்கள்". தங்குமிடம், உணவு, பாடக் குறிப்பேடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு 900 ரூபாய் வாங்கினார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வசதியையும் உணவையும் பொறுத்தவரை அந்தத் தொகை மிகக் குறைவு என்றே சொல்வேன். ஆனால் இத்தகைய முகாமை உணவை வைத்து மட்டும் மதிப்பிட முடியாது என்பதால், அங்கே என்ன போதிக்கப்பட்டது, எப்படிப் போதிக்கப்பட்டது என்பதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

இல்லத்தின் பெயரையும் போதித்தவர்களின் பெயர்களையும் எழுதாமல் விடுகிறேன். இக்கரையில் இருப்பவர்களுக்கு இடம் எது என்பது புரிந்துவிடும். மற்றவர்களுக்கு, இப்படிப்பட்ட எந்த முகாமுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்தான் பயன்படும். போதித்தவர்கள் மூவர்: பணி ஓய்வு பெற்ற ஒரு போதகர், வெளியூரிலிருந்து வந்திருந்த இளைய ஊழியர் ஒருவர், பள்ளி ஆசிரியையாக இருந்து வேதபாடம் நடத்தும் ஓர் அம்மா. ஒரே பொருளை மூவரும் மூன்று விதமாகக் கையாண்டார்கள் என்பதால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குச் சில வேளைகளில் இது ஒரே முகாம்தானா என்ற ஐயமே வந்திருக்கும். ஆசீர்வாதம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, அது எப்படிக் கைநழுவுகிறது என்று காட்டிய அமர்வுகள் மிக நன்றாக இருந்தன. அதைச் சொல்லாமலேயே இழப்புகளை மட்டும் எண்ணிக் காட்டிய அமர்வுகள் கேட்டவர்களின் மனத்தில் பயத்தைத் தவிர வேறொன்றையும் வைக்கவில்லை.

முதல் நாள் காலையில் போதகர் ஐயா 1 சாமுவேல் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அமலேக்கியரோடு நடந்த போருக்குப் பின் சவுல் அரசன் ஆகாகை உயிரோடு வைத்துக்கொண்டதும், ஆடுமாடுகளில் தரமானவற்றைத் தப்பவிட்டதும், கேட்டபோது "கர்த்தருக்குப் பலியிடத்தான்" என்று காரணம் சொன்னதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்" என்ற வசனத்தை நாம் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். ஆனால் அவர் அந்த வசனத்தோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு சவுலுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ராஜ்யபாரம் தள்ளப்பட்டது என்று சாமுவேல் சொன்ன பிறகும் சவுல் உடனே சிங்காசனத்தை இழக்கவில்லை. சேனையும் அரண்மனையும் மக்கள் கூட்டமும் அவனிடமே இருந்தன. மூப்பர்களுக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ண வேண்டும் என்று அவன் சாமுவேலைக் கெஞ்சிக் கேட்டான், அதுவும் கிடைத்தது. பின்பு கர்த்தரிடத்தில் விசாரித்தபோது அவனுக்கு மறுமொழி வரவில்லை. கையில் இருந்தவை ஒன்றும் குறையாமல் ஒருவன் எல்லாவற்றையும் இழந்துவிட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. கேட்டவர்களில் இரண்டு படகும் ஒரு ஐஸ் தொழிற்சாலையும் வைத்திருப்பவர்களும் இருந்தார்கள், அவர்களிடம் கூலிக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். ஆசீர்வாதத்தை வரவு செலவுக் கணக்கிலிருந்து பிரித்துக் காட்டிய அந்தப் பேச்சு இரு சாராருக்கும் வெவ்வேறு காரணங்களுக்காகத் தேவையாக இருந்தது.

அன்று பிற்பகல் அமர்வு இதற்கு நேர் எதிரானது. இளைய ஊழியர் உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை வசனம் வசனமாக எடுத்துப் பேசினார். அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதங்கள் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடுகின்றன. சாபங்கள் 15 முதல் 68 வரை 54 வசனங்களுக்கு நீள்கின்றன. அவருடைய பேச்சும் அதே விகிதத்தில்தான் இருந்தது. நோய், கடன், பிள்ளைகளின் தோல்வி, படகு இயந்திரம் பழுதாவது, வலை அறுவது என்று ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு வசனத்தோடு முடிச்சுப் போட்டு, "உங்கள் வீட்டில் இது இருக்கிறதா? அப்படியானால் எங்கே கீழ்ப்படியாமல் போனீர்கள் என்று யோசியுங்கள்" என்று கேட்டுக்கொண்டே போனார். குரல் நல்ல குரல், வேத அறிவும் குறைவில்லை. ஆனாலும் அந்த அதிகாரம் மோவாப் தேசத்தில், கானானுக்குள் நுழையவிருந்த இஸ்ரவேல் என்ற ஒரு ஜனத்தோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின் பகுதி என்பதை அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய குறை, கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்வதை அவர் தொடவே இல்லை. உபாகமம் 28-ஐக் கிறிஸ்தவர்களுக்குப் போதிக்கிறவர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கலாகாது என்பது என் கருத்து.

இதே அமர்வில் அவர் தனுஷ்கோடியையும் இழுத்து வந்தார். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த அந்த ஊரின் இடிந்த கோயில் சுவர்களைக் காட்டும் படம் ஒன்றைத் திரையில் போட்டு, கீழ்ப்படியாத ஊருக்கு நேர்ந்த கதி என்கிற பொருள்படப் பேசினார். அந்த இரவில் கடல் சபை பார்த்தோ சமயம் பார்த்தோ வரவில்லை. தேவாலயமும் போனது, இந்துக் கோயிலும் போனது, ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும் போயின, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் அதிலிருந்தவர்களோடு போனது. அந்த ஊரிலிருந்து பிழைத்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ராமேசுவரம் தீவில் இன்றும் இருக்கிறார்கள். முகாம் கூடத்தில் அவர்களில் ஒருவராவது இருந்திருக்கலாம் என்ற எண்ணம் பேசியவருக்கு வந்திருக்க வேண்டும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இலங்கைத் தீவு நடுவில் நின்றதால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் கரை பெரும்பாலும் தப்பியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஊழியரின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் நாம் நாகப்பட்டினத்தாரைவிட நல்லவர்கள் என்று ஆகும். அப்படிச் சொல்லத் துணிகிறவர் யாரும் நம்மிடையே இல்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்ட கேள்வி லூக்கா 13-இல் இருக்கிறது. அவர் அதற்குச் சொன்ன பதில் "அல்ல" என்பதுதான்.

ஊழியரின் பேச்சில் முழுவதும் தவறு என்று நான் சொல்லவில்லை. மீன்பாடு குறைந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர் தேடிய கீழ்ப்படியாமை உண்மையிலேயே கண்ணெதிரே இருந்தது. அவர்தான் அதைப் பார்க்கவில்லை. இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலைக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் இழுக்கிறார்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம், ஆனாலும் பிடித்துக் காய வைத்து மறைத்துக் கடத்துகிறார்கள். விற்க முடியாத குஞ்சு மீனெல்லாம் சங்காயமாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. இவற்றோடு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளிறியதையும் சேர்த்துப் பார்த்தால், மீன் எங்கே போனது என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். பூமியையும் சமுத்திரத்தின் மச்சங்களையும் மனிதன் கையில் ஒப்புவித்த கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் போனதன் விளைவு என்று இதைப் பேசியிருந்தால், அது வேதத்துக்கும் பொருந்தியிருக்கும், கேட்டவர்களுக்கும் தைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, வலை அறுந்தவன் வீட்டில் குடும்ப ஜெபம் தவறியிருக்கும் என்று சொல்வது எளிது. கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் படகு முதலாளிகளும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள் முகாமின் சிறந்த நாள். காலையில் வேதபாட அம்மா யோனாவின் புத்தகத்தை நடத்தினார். யோப்பாவுக்குப் போய், கூலி கொடுத்து, தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிய தீர்க்கதரிசியைப் பற்றி நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் மீன் வயிற்றுக் கதையாகவே இருக்கும். அவர் மீனுக்கு வருவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கப்பலில் இருந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார். கீழ்ப்படியாதவன் ஒருவன், சரக்கைக் கடலில் எறிய வேண்டி வந்தவர்கள் வேறு சிலர். அவர்கள் கர்த்தரை அறியாதவர்கள், ஆனாலும் யோனாவைக் கடலில் தள்ளச் சொன்ன பிறகும் உடனே தள்ளாமல், அவனையும் காப்பாற்றிக் கரைசேர்க்க முடியுமா என்று தண்டு வலித்துப் பார்த்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் இந்தப் பகுதி வாசிக்கப்பட்டபோது, தலைமேல் மடித்துப் போட்ட துண்டோடு பின்னால் உட்கார்ந்திருந்த முதியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடுக்கடலில் ஒருவனை விட்டுவிட்டு வருவது என்றால் என்ன என்பது அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவனுடைய கீழ்ப்படியாமையின் விலையை அவனோடு படகில் இருப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்லிவிட்டு, அதற்கு மேல் விளக்காமல் விட்டார். பங்குக்காக மட்டுமே படகேறுகிறவர்கள், முதலாளியோ ஓட்டுநரோ செய்யும் விதிமீறலுக்காகத் தண்டத்தையும் சிறையையும் ஏற்கிற கரை இது, விளக்கம் தேவைப்படவில்லை.

பிற்பகலில் போதகர் ஐயா மோசேயைப் பற்றிப் பேசினார். எண்ணாகமம் 20-இல் கன்மலையைப் பார்த்துப் பேசும்படி கர்த்தர் சொன்னார், மோசே கோலால் இரண்டு தரம் அடித்தான். முன்பு ரெவிதீமில் அடிக்கும்படியே கட்டளை இருந்தது. அன்று அடித்துத் தண்ணீர் வந்த பழக்கம் அவன் கையில் இருந்தது. பழைய வெற்றியைத் திரும்பச் செய்வதே புதிய கட்டளைக்குக் கீழ்ப்படியாமையாக ஆகிவிடுகிற இடத்தை அவர் மிக நிதானமாகக் காட்டினார். அடித்தபோதும் தண்ணீர் வந்தது என்பதை அவர் வலியுறுத்தியது எனக்குப் பிடித்தது. தலைவன் தவறியபோதும் தாகத்தோடு நின்ற ஜனத்துக்குத் தண்ணீர் மறுக்கப்படவில்லை. ஊழியம் பலன் தருகிறது என்பதால் ஊழியக்காரன் கீழ்ப்படிந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கைதட்டலும் காணிக்கையும் நிறைந்த பெரிய கூட்டங்களைப் பார்த்து மயங்குகிற நமக்கு இது அவசியமான எச்சரிக்கை. முந்தைய நாள் பேசிய இளைய ஊழியரும் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

மோசே இழந்தது எது, இழக்காதது எது என்பதை அவர் பிரித்துச் சொன்ன விதம் முகாமின் உச்சம். கானானுக்குள் போகும் வாய்ப்பை மோசே இழந்தான். கெஞ்சிக் கேட்டும் அது திரும்பக் கிடைக்கவில்லை. "போதும்" என்று கர்த்தர் பேச்சை முடித்துவிட்டதை உபாகமம் 3-ஆம் அதிகாரம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. மனந்திரும்பினால் இழந்ததெல்லாம் அப்படியே திரும்பிவிடும் என்று ஆறுதல் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டே பழகிய நமக்கு இது கசப்பான உண்மைதான். ஆனால் நேபோ மலையில் அவனுக்குத் தேசத்தைக் காட்டியவரும் கர்த்தரே, அவனை அடக்கம் செய்தவரும் கர்த்தரே. கர்த்தர் முகமுகமாய் அறிந்த அவனைப் போல இன்னொரு தீர்க்கதரிசி எழும்பவில்லை என்றே அந்தப் புத்தகம் முடிகிறது. மறுரூப மலையில் இயேசுவோடு பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவனும் அதே மோசேதான். ஒரு பொறுப்பையோ ஒரு காலத்தையோ கீழ்ப்படியாமையால் நிரந்தரமாக இழந்துவிடலாம், ஆனால் அந்த இழப்போடு தேவன் விட்டுவிட்டுப் போய்விடுவதில்லை என்ற இந்த இரட்டை உண்மையை, ஒரு பக்கம் சாயாமல், ஒன்றரை மணி நேரத்தில் அவர் சொல்லி முடித்தார். இந்த அமர்வின் ஒலிப்பதிவை விற்பனைக்கு வைத்திருந்தால் நான் பல பிரதிகள் வாங்கியிருப்பேன். கேட்டதற்கு, பதிவு செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று இரவு கேள்வி நேரம். கேள்விகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னது நல்ல ஏற்பாடு, ஏனெனில் பெண்கள் பலர் ஒலிவாங்கி முன் வந்து பேச மாட்டார்கள். ஒரு தாளில், கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டுப் போனதால்தான் அப்படி ஆயிற்று என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்றும், அது உண்மையா என்றும் ஒரு பெண் எழுதியிருந்தார். போதகர் ஐயா தாளை வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதை எழுதிய மகளே, உன் கணவருடைய கணக்கைப் பார்க்கும் வேலையைத் தேவன் உன் உறவினர்களிடம் கொடுக்கவில்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலை உன் வீட்டுக்கு அரிசி கொண்டுவருவது" என்றார். பிறவிக் குருடனைப் பற்றி யோவான் 9-இல் இயேசு சொன்னதையும், யோபுவின் நண்பர்கள் மேல் கர்த்தர் கோபம் கொண்டதையும் மட்டும் காட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். முதல் நாள் பிற்பகலில் விதைக்கப்பட்ட பயத்தை அதைவிடச் சுருக்கமாகக் களைய முடியாது.

இன்னொரு கேள்வி நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவருடையது. அவர் தாளில் எழுதாமல் எழுந்து நின்றே கேட்டார்: "ஐயா, இரட்டைமடி போடுகிறவன் டன் கணக்கில் அள்ளிக்கொண்டு போகிறான். நான் சட்டத்தையும் மதித்து, ஜெபமும் பண்ணிவிட்டுப் போய் டீசல் காசுக்கும் மீன் இல்லாமல் வருகிறேன். ஆசீர்வாதம் யாரிடம் இருக்கிறது?" கூடத்தில் சிரிப்பும் எழுந்தது, பெருமூச்சும் எழுந்தது. பதில் சொன்னவர் வேதபாட அம்மா. ஆசாபின் 73-ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கச் செய்து, துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டவன் தன் இருதயத்தை வீணாகவே சுத்தம்பண்ணினேன் என்று சொல்லும் அளவுக்குப் போனதையும், தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகும் அவனுடைய வருமானம் மாறியதாக அந்தச் சங்கீதம் சொல்லவில்லை என்பதையும், "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்" என்றுதான் அது முடிகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். கேட்டவர் திருப்தி அடைந்தாரா என்று தெரியாது. அவர் உட்காரும்போது, "அப்படியானால் மீன்துறையிடமும் மனு கொடுக்கத்தான் வேண்டும்" என்றார். அம்மாவும் தயங்காமல், "கட்டாயம் கொடுங்கள், அதுவும் கீழ்ப்படிதல்தான்" என்றார்.

மூன்றாம் நாளைச் சுருக்கமாகவே சொல்லலாம். எண்ணாகமம் 14-ஐ வைத்து நடந்த அமர்வு, கர்த்தர் போகச் சொன்னபோது போகாமலும், போக வேண்டாம் என்று சொன்னபோது துணிந்து போய் ஓர்மாவரைக்கும் முறியடிக்கப்பட்டும் நின்ற இஸ்ரவேலரைப் பற்றியது. பொருள் நல்லது, நேரம் போதவில்லை. நேரத்தை எடுத்துக்கொண்டது, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கச் சொல்லும் மல்கியா 3-ஆம் அதிகாரமும், அதன் முடிவில் வரிசை வரிசையாகக் கொடுக்கப்பட்ட காணிக்கை உறைகளும். தசமபாகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு அதையும் கடனையும் வைத்தே அடுப்பு எரிகிறது. அந்தக் கூடத்தில் ஆகாய் தீர்க்கதரிசியின் "பொத்தலான பை"யைச் சொல்லி, பையில் பொத்தல் விழுந்ததே கொடுக்காததால்தான் என்று பேசி உறையை நீட்டுவது முறையற்ற செயல். நடத்துகிறவர்கள் வேறெதை மாற்றாவிட்டாலும் இதை மாற்ற வேண்டும்.

முகாமில் பேசப்படாமல் போன ஒன்றைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கீழ்ப்படிந்ததால் இழந்தவர்கள் யாரையும் மூன்று நாட்களிலும் யாரும் சொல்லவில்லை. அதற்கு இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதே இல்லை, ஓரியூர் இருக்கிறது. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, அருளானந்தர் என்ற பெயரோடு இங்கே வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவரால் கிறிஸ்தவரான தடியத் தேவர், பல மனைவியரில் ஒருத்தியோடு மட்டும் வாழ வேண்டும் என்ற போதனைக்குக் கீழ்ப்படிந்து மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அந்தக் கீழ்ப்படிதலிலிருந்துதான் அருளானந்தருக்கு மரண தண்டனை வந்தது. விலக்கப்பட்ட அந்தப் பெண்ணின் நிலை என்ன ஆயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இது எளிமையான வீரக் கதையாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை 1947-இல் அவரைப் புனிதராக அறிவித்தது. நம் சபைகளில் புனிதர் வணக்கம் இல்லை என்பதற்காக அவருடைய சாட்சியைப் பேசாமல் விட வேண்டிய கட்டாயம் இல்லை. முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தினர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கீழ்ப்படிந்தால் பெருகும், கீழ்ப்படியாவிட்டால் குறையும் என்ற வாய்ப்பாட்டை ஓரியூரின் செம்மண்ணில் நின்று சொல்லிப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பது தெரிந்துவிடும். இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத பேதுரு, "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்று சொல்லி வலை கிழியும் அளவுக்கு மீன் பிடித்த கதையை இரண்டு அமர்வுகளில் சொன்னார்கள். அந்த மீன்களையும் படகையும் கரையிலேயே விட்டுவிட்டு அவன் இயேசுவைப் பின்பற்றிப் போனான் என்று அதே பகுதி முடிவதை ஒருவரும் வாசிக்கவில்லை.

இனி வசதிகள். உணவைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமே இல்லை. விசைப்படகுகள் நின்றிருந்தாலும் நாட்டுப்படகு மீன் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் ஓரா மீன் குழம்பும், மறுநாள் நகரை வறுவலும், இடைவேளைகளில் நுங்கும் பதநீரும் கொடுத்தார்கள். சமையல் செய்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள்; அவர்களுக்கும் அமர்வுகளில் உட்கார நேரம் கிடைக்கும்படி முறை வைத்திருந்தது பாராட்டத் தக்கது. பிள்ளைகளுக்குத் தனிக்கூடம் இருந்தது, பார்த்துக்கொள்ளப் பொறுப்பான இளம்பெண்கள் இருந்தார்கள். பாடக் குறிப்பேடு பெரிய எழுத்தில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் வேதப் பகுதிகள் பழைய மொழிபெயர்ப்பின் புத்தகப் பெயர்களில் மட்டும் இருந்ததால், பொது மொழிபெயர்ப்பு வைத்திருந்தவர்கள், அதில் இணைச்சட்டம் எனப்படும் உபாகமத்தைத் தேடித் திணறினார்கள். இரண்டு பெயர்களையும் அச்சிடுவதற்குச் செலவு ஒன்றும் கூடாது. கூடத்துக்குள் நூற்றுக்கும் குறைவானவர்களே இருக்கும்போது வெளியே குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் தேவையற்றது. பக்கத்துத் தெருவில் வேறு சமயத்தவர் வீடுகளும் நோயாளிகளும் இருக்கிறார்கள்.

குளியலறைத் தண்ணீர் உப்பு. குடிநீரைக் கேனில் வாங்கி வைக்கிறார்கள், அது போதுமான அளவு இருந்தது. பிற்பகலில் மின்சாரம் நிற்கும்போது ஜெனரேட்டர் மேடை ஒலிக்கு மட்டும்தான் ஓடுகிறது, மின்விசிறிக்கு ஓடுவதில்லை. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பெயர் பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்து அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் மேல்தளத்துக்குக் காலை ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு இதே போதகர் ஐயாவும் வேதபாட அம்மாவும் வருவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். நான் அப்படித்தான் கேட்டு வைத்திருக்கிறேன்.